கிழக்கு பார்த்த ஆன்டெனா

கடலோரப் பருவங்கள் – 9

பாம்பன் சாலைப் பாலம் வருவதற்கு முன்பு எங்கள் பக்கம் எப்படி இருந்தது என்று சென்ற வாரம் எழுதியிருந்தேன். அதைப் படித்த சிலர், "ராமேசுவரம் தீவுக்குப் போக ரயிலை விட்டால் வழியில்லாத அந்தக் காலத்தில் உங்கள் ஊரில் டி.வி. இருந்ததா?" என்று கேட்டிருக்கிறார்கள். இருந்தது. ஆனால் அது சென்னைக்காரர்களும் கோவைக்காரர்களும் நினைவில் வைத்திருக்கிற டி.வி. இல்லை.

1970-களில் பிறந்த தமிழரிடம் சின்ன வயது டி.வி. நினைவைக் கேட்டால் 'ஒளியும் ஒலியும்' என்று தொடங்குவார். வெள்ளிக்கிழமை மாலை, அரை மணி நேரச் சினிமாப் பாட்டு, பக்கத்து வீட்டுக் கூடம். பத்திரிகைகளில் வரும் நினைவுக் கட்டுரைகளும் அங்கேதான் தொடங்குகின்றன. எங்கள் நினைவு அங்கே தொடங்கவில்லை. உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் நடுவிலுள்ள கடலோர ஊர்களில் 1980-களின் தொடக்கத்தில் வளர்ந்த பிள்ளைகள் முதன்முதலாகப் பார்த்தது இலங்கையின் ரூபவாஹினியை. எங்கள் வீடுகளுக்குள் டி.வி. வழியாக முதலில் வந்த மொழி சிங்களம். அடுத்து வந்தது இந்தி. சென்னை நிலையத்தின் தமிழ் மூன்றாவதாகத்தான் வந்தது.

இந்த வரிசையை நாங்கள் தேர்ந்தெடுக்கவில்லை. யார் எங்கே கோபுரம் கட்டினார்கள் என்பதுதான் அதை முடிவு செய்தது.

●

டெல்லியில் 1959 செப்டம்பர் 15 அன்று சோதனை முறையில் ஒளிபரப்பு தொடங்கியது. சென்னை நிலையம் தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15 அன்று. செயற்கைக்கோள் மூலம் கிராமங்களுக்கு டி.வி. கொண்டுபோகும் பெரிய சோதனை ஒன்றும் அதே ஆண்டில்தான் தொடங்கியது. ஆந்திரம், கர்நாடகம், ஒடிசா, பீகார், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் ஆகிய 6 மாநிலங்களில் 2,400 கிராமங்கள் அதில் இருந்தன. அந்தப் பட்டியலில் தமிழ்நாடு இல்லை. எங்களுக்கென்று இருந்தது சென்னைக் கோபுரம் ஒன்றே. அதன் அலை சென்னையையும் அதைச் சுற்றிய மாவட்டங்களையும் தாண்டி வராது. சென்னையிலிருந்து எங்கள் ஊர் நேர்கோட்டில் 400 கிலோமீட்டருக்கு மேல். சென்னை டி.வி.யில் என்ன ஓடுகிறது என்பது எங்களுக்குப் பத்திரிகையில் படித்துத் தெரிந்துகொள்ளும் செய்தியாகவே இருந்தது.

1982 பிப்ரவரி 15 அன்று இலங்கையில் ரூபவாஹினி தொடங்கியது. நிலையத்தைக் கட்டிக் கொடுத்தது ஜப்பான் அரசு. இலங்கையின் மிக உயரமான மலையான பிதுருதலாகலையின் உச்சியில், 2,524 மீட்டர் உயரத்தில், ஒளிபரப்புக் கருவிகள் நின்றன. வடக்கு மாகாணத்துக்காக மாங்குளத்துக்கு அருகே கொக்காவிலில் ஓர் அஞ்சல் கோபுரம் நின்றது. கொக்காவில் எங்கள் ஊரிலிருந்து சுமார் 150 கிலோமீட்டர். நடுவில் மலையில்லை. பெரும்பகுதி கடல்தான்.

டி.வி. அலை பெரும்பாலும் நேர்கோட்டில் போகக்கூடியது. பூமியின் வளைவு குறுக்கே வந்தால் அதோடு சரி. ஆனால் வெதுவெதுப்பான கடலுக்கு மேலே ஈரக் காற்று ஓர் அடுக்காகவும் அதற்கு மேலே உலர்ந்த காற்று இன்னோர் அடுக்காகவும் படியும்போது, அலை அந்த அடுக்குகளுக்கு இடையில் வளைந்து, தன் எல்லையைத் தாண்டி வெகு தூரம் போகும். பிதுருதலாகலையிலிருந்து நேராக வரும் அலை 200 கிலோமீட்டரைத் தாண்டினாலே அதிகம். தூத்துக்குடிக்காரர்கள் 350 கிலோமீட்டருக்கு இப்பால் இருந்துகொண்டு அதைப் பார்த்தார்கள் என்றால், மிச்சத் தூரத்துக்கு அலையைச் சுமந்து வந்தது கடல்தான்.

இந்த விஞ்ஞானம் அன்று யாருக்கும் தெரியாது. ஆனால் கடலுக்குப் போகிறவர்களுக்கு அதன் பலன் தெரிந்திருந்தது. கச்சான் காற்று அடிக்கும் நாட்களில் படம் நடுங்கும். காற்று விழுந்து, கடல் அசையாமல் கிடக்கும் கோடை இரவுகளில் படம் துல்லியமாக விழும். சாயங்காலம் கரைக்கு வந்ததுமே, "இன்னைக்குப் படம் நல்லாத் தெரியும்லே" என்று சொல்லிவிட்டுப் போகும் பெரியவர்கள் இருந்தார்கள். அவர்கள் சொன்னால் சொன்னதுதான்.

●

எங்கள் தெருவுக்கு டி.வி. கொண்டுவந்தவர் ஒரு சபுராளி. சிங்கப்பூரில் கடை வைத்திருந்தார். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வருவார். வரும்போது சென்ட்டு, கைலி, டார்ச் லைட் எல்லாம் ஊருக்கு வரும். அந்த முறை ஓர் அட்டைப் பெட்டி வந்தது. சிங்கப்பூர், இலங்கை, இந்தியா மூன்று நாட்டிலும் வண்ண ஒளிபரப்புக்குப் பயன்பட்டது 'பால்' என்ற ஒரே முறை. ஆகவே அங்கே வாங்கிய செட் இங்கே சிக்கலில்லாமல் ஓடியது. சென்னையில் பெரும்பாலான வீடுகளில் சாலிடேரும் டயனோராவும் கறுப்பு வெள்ளையில் ஓடிக்கொண்டிருந்த நாட்களில், தபால் நிலையம்கூட இல்லாத எங்கள் ஊர்ப் பிள்ளைகள் வண்ணத்தில் படம் பார்த்தோம்.

அந்த வீட்டு மகளை நாங்கள் எல்லோரும் லாத்தா என்று கூப்பிடுவோம். அவர்தான் எங்களுக்கு டி.வி. காட்டியவர். மஃரிப் தொழுகை முடிந்து, விளக்கு வைத்து, வீட்டு வேலை ஒதுங்கிய பிறகுதான் கதவு திறக்கும். "செருப்பெல்லாம் வரிசையா விடுங்க. சின்னப் புள்ளைங்க முன்னால, பெரிய புள்ளைங்க பின்னால. சத்தம் போட்டா நிப்பாட்டிப்புடுவேன்" என்பார். ஒரு நாளும் நிப்பாட்டியதில்லை. நோன்பு மாதத்தில் டி.வி. ஓடாது. அந்த மாதத்தில் பிள்ளைகள் யாரும் போய்க் கேட்கமாட்டோம். கேட்கக் கூடாது என்று யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவும் இல்லை.

மாடியில் ஆன்டெனா. ஜி.ஐ. பைப்பைச் சவுக்குக் கம்போடு சேர்த்துக் கட்டி, இழுவைக் கம்பி நாலு பக்கமும் போட்டு, நல்ல உயரத்தில் நிறுத்தியிருந்தார்கள். உப்புக் காற்றில் அலுமினியக் குழாய்கள் சீக்கிரமே பூத்துப்போகும். சில மாதத்துக்கு ஒருமுறை இறக்கித் துடைத்து, தேங்காய் எண்ணெய் தடவி ஏற்ற வேண்டும். மாடியில் ஒருவர், முற்றத்தில் ஒருவர், டி.வி. முன்னால் ஒருவர் என்று மூன்று பேர் இல்லாமல் அந்த வேலை நடக்காது. "கெழக்கே திருப்பு... இன்னுங் கொஞ்சம்... கோடு போயிருச்சு... புள்ளிதான் நிக்குது... நிறுத்து, நிறுத்து!" நடு ஆள் இரண்டு பக்கமும் கத்துவான். பெரும்பாலும் அந்த நடு ஆள் நான்தான்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இந்த நினைவு முழுமையாகாது. அந்தக் காலத்தில் டி.வி. பார்ப்பது என்றால் இன்னொருவர் வீட்டில் பார்ப்பது என்றே பொருள். எந்த வீட்டுக்குள் யார் போகலாம் என்பது டி.வி. வருவதற்கு முன்பே தீர்மானமாகியிருந்தது. லாத்தா வீட்டில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே பாயில் உட்கார்ந்தோம். பிறகு டி.வி. வந்த வேறு சில வீடுகளில் அப்படி இல்லை. சில பிள்ளைகள் கூடத்தில் உட்கார்ந்தார்கள், சில பிள்ளைகள் திண்ணையோடு நின்றார்கள், காலனியிலிருந்து வந்த பிள்ளைகள் சன்னலுக்கு வெளியே நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். "அன்று எல்லோரும் ஒன்றாகப் பார்த்தோம்" என்று எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கூடத்தில் உட்கார்ந்தவர்கள். சன்னலுக்கு வெளியே நின்றவர்கள் எழுதினால் அந்த வாக்கியம் வேறாக இருக்கும்.

●

மொழி தெரியாத டி.வி.யில் என்ன பார்த்தீர்கள் என்று கேட்கலாம். எல்லாவற்றையும் பார்த்தோம். நிகழ்ச்சி தொடங்குவதற்கு முன்பு திரையில் அசையாமல் நிற்கும் வண்ணக் கட்டங்களையும் வட்டத்தையும்கூடப் பார்த்தோம். பௌத்தப் பிக்குகள் ஓதுவதைப் பார்த்தோம். கண்டியின் பச்சை மலைகளையும் நடன மேளத்தையும் பார்த்தோம். கிரிக்கெட் பார்த்தோம். வானொலி வர்ணனையில் மட்டுமே கேட்டிருந்த ஆட்டத்தில், பந்து வீசுகிறவர் எவ்வளவு தூரத்திலிருந்து ஓடி வருகிறார் என்பதையே அப்போதுதான் கண்ணால் கண்டோம்.

கார்ட்டூன்தான் பிள்ளைகளுக்கு உயிர். டைட்டஸ் தொட்டவத்த என்ற சிங்களத் திரைப்பட இயக்குநர் ரூபவாஹினியில் இருந்துகொண்டு வெளிநாட்டுக் கார்ட்டூன்களுக்குச் சிங்களக் குரல் கொடுக்கும் வேலையைப் பெரும் கலையாகவே வளர்த்தார். பக்ஸ் பன்னி முயல் அவர் கையில் சிங்கள முயலாகவே ஆனது. அந்தக் குரல்களின் ஏற்ற இறக்கத்திலேயே யார் ஏமாற்றுகிறார், யார் ஏமாறுகிறார் என்பது எங்களுக்குப் புரிந்தது. 'ஆயுபோவன்' என்று கைகூப்பிச் சொல்லிவிட்டுத் தெருவில் ஓடுவது எங்கள் விளையாட்டாகவே இருந்தது.

பெரியவர்கள் காத்திருந்தது தமிழ்ச் செய்திக்கும், எப்போதாவது போடும் தமிழ்ப் படத்துக்கும். இலங்கைத் தமிழ் எங்கள் வீடுகளுக்குப் புதிதல்ல. எங்கள் அம்மாக்களும் அத்தைமார்களும் இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பைக் கேட்டுக்கொண்டே சமைத்தவர்கள். எஸ்.பி. மயில்வாகனமும் பி.எச். அப்துல் ஹமீதும் அவர்களுக்கு வீட்டு மனிதர்கள். சினிமாப் பாட்டைக் குறைத்துப் போட்ட அகில இந்திய வானொலிக்கு மாற்றாகக் கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த குரல் அது. ஆகவே ரூபவாஹினியில் தமிழ் வாசிக்கும் முகத்தைக் கண்டதும் எங்கள் வீட்டுப் பெண்கள், "ரேடியோவுல கேட்ட தமிழ் மாதிரியே இருக்கு" என்று மகிழ்ந்தார்கள்.

●

1983 ஜூலையில் கொழும்பில் தமிழர்கள் மீது வன்முறை தொடங்கியது. கடைகள் எரிந்தன, வீடுகள் எரிந்தன, மனிதர்கள் கொல்லப்பட்டார்கள். எங்கள் ஊரில் அந்தச் செய்தியைப் பெரியவர்கள் தமிழ்ப் பத்திரிகைகளில் படித்தார்கள். இத்தனை நாளும் கொழும்பை எங்களுக்குக் காட்டிவந்த திரையில் எரியும் கொழும்பைப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. ஜூலை 28 அன்று ஜனாதிபதி ஜெயவர்த்தனா தொலைக்காட்சியில் நாட்டுக்கு உரையாற்றினார். வீடிழந்து முகாம்களில் கிடந்த தமிழர்களுக்கு ஆறுதலாக ஒரு சொல்கூட அந்த உரையில் இல்லை என்பது வரலாற்றில் பதிவாகியிருக்கிறது.

சில நாட்களில் படகுகள் வரத் தொடங்கின. மண்டபம் முகாம் நிறைந்தது. அந்த முகாமுக்கே ஒரு பழைய கதை உண்டு. ஆங்கிலேயர் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போன தமிழர்களை நிறுத்தி வைத்து, நோய் இருக்கிறதா என்று சோதித்து அனுப்ப இலங்கை அரசு நடத்திய முகாம் அது. அந்த வழியாகப் போனவர்களின் பேரன் பேத்திகள் அகதிகளாகத் திரும்பி வந்து அதே இடத்தில் இறங்கினார்கள்.

எங்கள் வகுப்பில் வவுனியாவிலிருந்து வந்த ஒரு பையன் சேர்ந்தான். அவன் குடும்பம் மலையகத் தோட்டத்தில் இருந்து, 1977 கலவரத்துக்குப் பிறகு வவுனியாவுக்கு இடம் மாறி, அங்கிருந்தும் கிளம்பியது. அவனுக்குச் சிங்களம் தெரியும். அது தெரிந்ததும் எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. அவனை லாத்தா வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனோம். கார்ட்டூன் ஓடியது. "இப்ப என்ன சொல்லுது?" என்று ஆளாளுக்குக் கேட்டோம். "முயல் பொய் சொல்லுது. வேட்டைக்காரனுக்கு விளங்கேல்லை" என்றான். எல்லோரும் சிரித்தோம், அவனும் சிரித்தான். கார்ட்டூன் முடிந்து சிங்களச் செய்தி தொடங்கியது. அவன் எழுந்து வெளியே போய்விட்டான். நாங்கள் பின்னாலேயே போய், "செய்தியில என்ன சொன்னாங்க?" என்று கேட்டோம். அவன் பதில் சொல்லவில்லை. லாத்தாதான் எங்களை அதட்டி உள்ளே அனுப்பிவிட்டு, அவன் கையில் முறுக்கைக் கொடுத்து உட்கார வைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகும் அவன் வந்தான். கார்ட்டூன் முடிந்ததும் லாத்தா தானாகவே எழுந்து போய் டி.வி.யை அணைத்துவிடுவார். செய்தி பார்க்கக் காத்திருந்த பெரியவர்கள் ஒருவரும் மறுப்புச் சொல்லவில்லை. என் சின்ன வயதில் டி.வி. முன்னால் நான் கண்ட பெரிய நாகரிகம் அதுதான்.

●

இந்தி வந்தது அதற்கு அடுத்த கட்டம். 1982 ஆகஸ்ட் 15 முதல் டெல்லியிலிருந்து 'தேசிய நிகழ்ச்சி' ஒளிபரப்பாகத் தொடங்கியது. அந்த ஆண்டு ஆசிய விளையாட்டுப் போட்டியோடு வண்ணமும் வந்தது. 1983-இல் இன்சாட் 1-பி விண்ணுக்குப் போன பிறகு, 1984-இல் நாடெங்கும் ஏறக்குறைய நாளுக்கொன்று என்ற வேகத்தில் சிறிய ஒளிபரப்புக் கருவிகள் நிறுவப்பட்டன. ஒவ்வொன்றும் 100 வாட் சக்தி. ஊரைச் சுற்றிச் சில கிலோமீட்டர் வரை எட்டும்.

இந்தச் சிறிய கருவிகள் பெரும்பாலும் டெல்லியில் தயாரானதைச் செயற்கைக்கோளிலிருந்து வாங்கி அப்படியே தந்தன. சென்னை நிலையத்தின் தமிழ் நிகழ்ச்சிகள் அவற்றின் வழியே வரவில்லை. எனவே தமிழ்நாட்டின் பல ஊர்களில், தமிழ் எட்டிப் பார்ப்பதற்கு முன்பே இந்தி கூடத்தில் வந்து உட்கார்ந்தது. 1984 ஜூலையில் தொடங்கிய 'ஹம் லோக்' தொடரை, வசனம் ஒன்றும் புரியாமல், யார் அப்பா, யார் மகன், யார் அழுகிறார் என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு பார்த்த தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். எங்களுக்கு அது கடினமாக இல்லை. புரியாத மொழியில் கதை பார்க்கும் பயிற்சி எங்களுக்குக் கடலிலிருந்தே கிடைத்திருந்தது.

1984 அக்டோபர் 31 அன்று இந்திரா காந்தி சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த இறுதி ஊர்வலத்தை டி.வி.யில் பார்ப்பதற்காகவே ராமநாதபுரத்துக்குப் போனவர்கள் உண்டு. டி.வி.யால் டெல்லியை எங்கள் ஊருக்குக் கொண்டுவர முடியும் என்று பெரியவர்கள் உணர்ந்தது அப்போதுதான்.

1987 ஜனவரி 25 முதல் ஞாயிறு காலை 9.30 மணிக்கு ராமானந்த் சாகரின் 'ராமாயண்' வந்தது. ராமேசுவரத்துக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கிற எங்களுக்கு அது தனி அனுபவம். திரையில் வானரங்கள் கல்லைத் தூக்கிப் போட்டு அணை கட்டும்போது, அந்தக் கடல் எங்கள் கொல்லைக்கு அந்தப் பக்கம் இருந்தது. தொடரின் பெரும்பகுதி குஜராத்தின் உமர்காமில் படமாக்கப்பட்டது என்று பின்னாளில் படித்தேன். திண்ணையில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் கம்பராமாயணம் அறிந்தவர். இந்தி வசனம் முடிந்ததும் தமிழில் அந்தக் கட்டத்தைச் சொல்வார். எங்கே சாகரின் கதை கம்பனிடமிருந்து விலகுகிறது என்பதையும் சொல்வார். நாங்கள் பார்த்தது ஒரு ராமாயணம், கேட்டது இன்னொரு ராமாயணம். தமிழில் ஒரு வார்த்தை இல்லாத தொடர் எங்களுக்கு ஒரு தமிழ்ப் பாடமாக முடிந்தது அந்தப் பெரியவரால்தான்.

●

கொடைக்கானல் மலையில் உயர்சக்தி ஒளிபரப்பு நிலையம் வந்த பிறகுதான் சென்னைத் தமிழ் தெற்கே வந்தது. மதுரை, திண்டுக்கல் பக்கத்தில் அது நன்றாகத் தெரிந்தது. நேர்கோட்டில் ஏறக்குறைய 200 கிலோமீட்டர் தள்ளியிருந்த எங்களுக்கு, அதைப் பிடிக்கக் கம்பத்தை இன்னும் உயர்த்த வேண்டியிருந்தது. பூஸ்டர் மாட்ட வேண்டியிருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, இத்தனை ஆண்டுகளாகக் கிழக்கே பார்த்து நின்ற ஆன்டெனாவை மேற்கே திருப்ப வேண்டியிருந்தது.

ஷோபனா ரவியும் வரதராஜனும் செய்தி வாசிப்பதைப் பார்த்தோம். 'வயலும் வாழ்வும்' பார்த்தோம். ஞாயிறு மாலைத் தமிழ்ப் படத்துக்குத் தெருவே ஓய்ந்து கிடந்தது. நேயர் கடிதங்களுக்குப் பதில் சொல்லும் 'எதிரொலி'யை எங்கள் வீட்டில் அப்பா தவறவிடமாட்டார். ஒரு சாதாரண மனிதன் ஐந்து வரி எழுதிப் போட்டால் அரசு நிலையம் அதைப் படித்துப் பதில் சொல்கிறது என்பது அவருக்குப் பெரிய விஷயம். அது உண்மையிலேயே பெரிய விஷயம்தான். 'ஒளியும் ஒலியும்' எங்களுக்கும் வந்தது. ஆனால் அது வந்தபோது நாங்கள் அரைக்கால் சட்டையை விட்டிருந்தோம்.

எங்களைப் போலவே கடலுக்கு அந்தப் பக்கத்திலும் பிள்ளைகள் இருந்தார்கள். யாழ்ப்பாணத்தில் வளர்ந்த நண்பர்கள் பலர் பின்னாளில் எனக்குக் கிடைத்தார்கள். அவர்கள் வீட்டிலும் உயரமான கம்பம் நட்டு, ஆன்டெனாவை இந்தியாவை நோக்கித் திருப்பித் தூர்தர்ஷன் பார்த்திருக்கிறார்கள். மழை பெய்வது போலத் தெரியும் திரையில் தமிழ்ப் பாட்டுக்காக உட்கார்ந்திருக்கிறார்கள். நாங்கள் அவர்கள் நாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம், அவர்கள் எங்கள் நாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பக்கத்துத் தமிழர்களுக்கும் போதுமான அளவு தமிழில் தர இரண்டு அரசுகளும் கோபுரம் எழுப்பியிருக்கவில்லை.

1990 ஜூலையில் கொக்காவில் விழுந்தது. அந்தக் கோபுரத்தைக் காத்து நின்ற இராணுவ முகாமை விடுதலைப் புலிகள் கைப்பற்றினார்கள். கோபுரம் அழிந்தது. அதே ஆண்டிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு மின்சாரமும் இல்லாமல் போனது. எங்கள் பக்கத்தில், "ரூபவாஹினி இப்பல்லாம் சரியாத் தெரியலை" என்று பேசிக்கொண்டார்கள். அந்தச் சாதாரணப் பேச்சுக்குப் பின்னால் இரண்டு தரப்பிலும் எத்தனை இளைஞர்களின் சாவு இருந்தது என்பது எங்கள் ஊருக்குத் தெரியவே இல்லை. புதிய கோபுரம் அங்கே எழுந்து நிற்க 2011 வரை ஆயிற்று. அதன் உயரம் 174 மீட்டர்.

●

இன்று ராமேசுவரத்துக்குப் போகிறவர்கள், தூரத்திலேயே வானத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கும் தூர்தர்ஷன் கோபுரத்தைப் பார்த்திருப்பார்கள். 323 மீட்டர். இந்தியாவின் மிக உயரமான தொலைக்காட்சிக் கோபுரம் அது. 1990-களின் நடுவில்தான் அது எழுந்தது. அதற்கு முன்பே, 1993 ஏப்ரல் 14 அன்று சன் டி.வி. தொடங்கிவிட்டது. கேபிள் ஒயர் தென்னை மரத்துக்குத் தென்னை மரம் தாவி எங்கள் தெருவுக்குள்ளும் வந்துவிட்டது. 2006-க்குப் பிறகு அரசே வீட்டுக்கு வீடு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுத்தது. சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற பிள்ளைகளின் வீட்டுக்கும் அது போய்ச் சேர்ந்தது. அந்தத் திட்டத்தைப் பலர் குறை சொல்வார்கள். சன்னலுக்கு வெளியே யாரெல்லாம் நின்றார்கள் என்று பார்த்தவன் என்பதால் என்னால் குறை சொல்ல முடிவதில்லை.

அந்த 323 மீட்டர் கோபுரம் 1980-களின் தொடக்கத்திலேயே நின்றிருந்தால் எங்கள் தலைமுறையின் முதல் கதை தமிழில் இருந்திருக்கும். கடலுக்கு இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் ஒரே நாடகத்தை, ஒரே பாட்டை, ஒரே நேரத்தில் பார்த்து வளர்ந்திருப்பார்கள். அது நடக்கவில்லை. அதற்காகச் சிங்கள முயலைப் பார்த்துச் சிரித்ததற்கு நான் வருந்தவும் இல்லை. மொழி தெரியாத மனிதரின் முகத்தைப் பார்த்து அவர் துக்கத்தையும் சந்தோஷத்தையும் தெரிந்துகொள்ள எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது அந்த டி.வி.தான். ஆனால் ஒரு பிள்ளை எந்த மொழியில் முதல் கதையைப் பார்க்க வேண்டும் என்பதை அலையும் காற்றும் தற்செயலாக முடிவு செய்ய விட்டது அரசின் அலட்சியம். கோபுரம் எங்கே நிற்கிறது என்பது பொறியியல் கேள்வியாகத் தெரியும். யாருடைய பிள்ளைகள் முக்கியம் என்பதற்கான விடை அதற்குள் இருக்கிறது.

தூர்தர்ஷன் பழைய முறை ஒளிபரப்பைக் கடந்த சில ஆண்டுகளில் ஏறக்குறைய முழுவதுமாக நிறுத்திவிட்டது. மொட்டை மாடி ஆன்டெனாக்களுக்கு இனி வேலையில்லை. அந்தக் காலத்தை எழுதி வைக்க இதைவிடத் தாமதமாகக் கூடாது. வாசகர்களுக்கு என் வேண்டுகோள் இது. வேதாரண்யம், தொண்டி, கீழக்கரை, தூத்துக்குடி, திருச்செந்தூர் பக்கத்தில் ரூபவாஹினி பார்த்து வளர்ந்தவர்களும், யாழ்ப்பாணம், மன்னார் பக்கத்தில் தூர்தர்ஷன் பார்த்து வளர்ந்தவர்களும் உங்கள் வீட்டில் இருந்தால், அவர்களிடம் கேட்டு எழுதுங்கள். எந்த வீட்டில் பார்த்தார்கள், யார் கதவைத் திறந்தார்கள், யார் வெளியே நின்றார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். சென்னைத் தொலைக்காட்சி நிலையத்தில் மிச்சமிருக்கும் பழைய தமிழ் நாடகங்களையும் பேட்டிகளையும் எல்லோரும் பார்க்கும்படி முழுமையாகப் பொதுவில் வைக்க வேண்டும் என்று அரசையும் கேட்போம். அவை மக்கள் பணத்தில் எடுக்கப்பட்டவை, மக்களுக்குச் சொந்தமானவை.

(தொடரும்)